பிக்சர் டியூபிலிருந்து கேம் மோட் வரை: திரைத் தாமதத்தின் வரலாறு

வீடியோ கேம் ஆடுபவர் பொத்தானை அழுத்தும் கணத்துக்கும் அதன் விளைவு டிவி திரையில் தெரியும் கணத்துக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அதில் ஒரு பகுதி விளையாட்டுக் கருவியால் வருவது; மறுபகுதி டிவியே உண்டாக்குவது. டிவியின் பங்கைத்தான் விளையாடுபவர்கள் ‘இன்புட் லேக்’ என்கிறார்கள். அளவு மில்லி விநாடிக் கணக்கில்தான். ஆனாலும் 100 மில்லி விநாடி, அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு, பிந்தினாலே கார் வளைவைத் தாண்டிப் போய்விடும், குத்து காற்றில் விழும். இந்திய வீடுகளில் டிவி புழங்கத் தொடங்கி முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியொரு தாமதம் கிடையாது. 2000-களின் நடுவில் தட்டைத் திரையோடு அது உள்ளே நுழைந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நல்ல டிவிகளிலிருந்து ஏறக்குறைய வெளியேறியும் விட்டது.

புனே பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1973-இல். முந்தைய ஆண்டு அக்டோபர் 2 அன்று மும்பை நிலையம் தொடங்கியிருந்தது; அதன் நிகழ்ச்சிகளை வாங்கி மறுஒளிபரப்பு செய்யும் நிலையம் புனேவுக்குக் கிடைத்தது. சிங்ககட் கோட்டை மலையில் இன்றும் நிற்கும் அதன் கோபுரம் அந்தக் காலத்தை நினைவூட்டும். பழைய மும்பைச் சாலையில், பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் உள்ள ஆகுர்டி அந்த மலைக்கு ஏறத்தாழ நேர் வடக்கே 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பஜாஜ் ஸ்கூட்டர் ஆலையை நம்பி வளர்ந்த ஊர் அது. வேலை தேடி மகாராஷ்டிரத்தின் உட்பகுதிகளிலிருந்தும் தெற்கேயிருந்தும் வந்தவர்கள் குடியேறிய பகுதி. மலையிலிருந்து புறப்படும் அலை ஆகுர்டியின் மொட்டைமாடி ஆன்டெனாவை எட்ட 0.1 மில்லி விநாடி போதும். மும்பையிலிருந்து மலைக்கு வரும் தொலைவையும் சேர்த்தால்கூட அலையின் பயண நேரம் ஒரு மில்லி விநாடியைத் தொடாது. ஆன்டெனாவிலிருந்து திரைக்குப் போகும் வழியிலோ தாமதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அதற்குக் காரணம் பிக்சர் டியூபின் எளிமை. 1897-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பிரவுன் செய்துகாட்டிய கண்ணாடிக் குழாயின் வழிவந்தது அது. குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறப் பூச்சை இடமிருந்து வலமாக வரிவரியாகத் தடவிக்கொண்டு போகும். இந்தியா ஏற்ற 625 வரி முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 50 முறை கற்றை மேலிருந்து கீழே இறங்கும். ஒருமுறை ஒற்றை வரிகள், மறுமுறை இரட்டை வரிகள். வந்த மின்சமிக்ஞை எவ்வளவு பலமோ அவ்வளவு வெளிச்சம், அதுவும் அந்த நொடியிலேயே. படத்தைச் சேமித்து வைக்கப் பெட்டிக்குள் இடமே இல்லை. நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் முழுப் படத்தையும் பிடித்துவைக்கும் டிவியை யாரும் வடிவமைக்க முடிந்திருக்காது; அந்த ஏழ்மையே வேகமாக அமைந்தது.

1982 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது பெட்டிக்குள் முதல்முறையாக ஒரு ‘தாமதம்’ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இந்தியா தேர்ந்தெடுத்தது ‘பால்’ (PAL) முறை. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கியது. அலைவரும் வழியில் நிறம் பிசகினால் அடுத்தடுத்த இரண்டு வரிகளின் நிறத்தைச் சராசரி பார்த்துச் சரிசெய்யும் முறை அது. சராசரி பார்க்க வேண்டுமானால் முந்தைய வரி கையில் இருக்க வேண்டும். அதற்காக ஒரு சிறு கண்ணாடித் துண்டுக்குள் நிறச் செய்தியை ஒலி அதிர்வாக மாற்றி ஓடவிட்டு, மறுமுனையில் பிடித்தார்கள். கண்ணாடிக்குள் அந்த ஓட்டத்துக்கு ஆகும் நேரம் ஒரு வரியின் நேரமான 64 மைக்ரோ விநாடி. அந்தக் கால வண்ண டிவி ஒன்று எதையாவது பிடித்துவைத்தது என்றால் அது இவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த டிவிகள் வரியை விட்டு முழுப் படங்களையே பிடித்துவைக்கத் தொடங்கின.

விளையாட்டுக் கருவிகளும் இந்த ஒழுங்கை நம்பியே பிறந்தன. 1977-இல் வந்த அட்டாரி கருவியில் படத்தைச் சேமிக்கும் நினைவகமே கிடையாது; மொத்தம் 128 பைட் மட்டும். கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் தாவும் இடைவெளிக்குள் நிரல் அடுத்த வரியைத் தயாரித்துத் தர வேண்டும். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் அந்த அசைவு அடுத்த இறக்கத்திலேயே திரையில் தெரியும். 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் ஓரளவு வசதியான கருவி. ஆனாலும் முழுப் படத்தையும் வரைந்து சேமித்துவைக்க அதிலும் இடமில்லை.

இந்தியாவில் பெரும்பாலோர் பார்த்தது அந்த ஃபேமிகாமின் நகல்களைத்தான். கடைகளில் ‘டிவி கேம்’ என்றார்கள். விளையாட்டு இருந்த பெட்டகத்தைக் ‘கேசட்’ என்றார்கள். டிவியின் ஆன்டெனா துளையில் வயரைச் செருகி, சேனல் திருகியைத் திருகிப் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அசல் நிறுவனங்களின் பொருள் எட்டாத உயரத்தில் இருந்தது. சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் கருவியை 1995-இல் ஷா வாலஸ் மூலம் இந்தியாவில் விற்றது. இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்ததால் உள்ளூர்க் கூட்டு தேவைப்பட்டது. விலை 18,000 ரூபாய். அன்றைக்கு ஒரு நடுத்தர வண்ண டிவியே அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும். நகல் கருவியோ, அதோடு வந்த துப்பாக்கியோ, ஓர் ஆலைத் தொழிலாளி பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருள்.

அந்தத் துப்பாக்கியை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாத்து சுடும் விளையாட்டில் துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் போவதில்லை. திரையின் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் வருகிறது. விசையை அழுத்தியதும் கருவி திரை முழுவதையும் ஓர் இறக்கத்துக்குக் கறுப்பாக்கும். அடுத்த இறக்கத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரையும். இரண்டு வாத்து இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி இறக்கம். எந்த இறக்கத்தில் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி வெள்ளையைக் கண்டதோ, அந்த வாத்து விழும். கண் இதையெல்லாம் ஒரு சிமிட்டலாகத்தான் காணும். எந்தக் கணத்தில் அனுப்பியது எந்தக் கணத்தில் திரையில் தெரியும் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தால் மட்டுமே நடக்கும் வித்தை இது. அதே துப்பாக்கியைப் பிற்காலத்தில் எல்.சி.டி. டிவிக்கு முன்னால் பிடித்தவர்களுக்கு ஒரு வாத்தும் விழவில்லை. வெள்ளைக் கட்டம் திரைக்கு வருமுன் கருவி காத்திருப்பதை நிறுத்தியிருக்கும். உணரியும் பிக்சர் டியூப் வெளிச்சத்தின் துடிப்புக்கென்றே இசைக்கப்பட்டது. தட்டைத் திரையில் தாமதம் இருக்கிறது என்பதற்கு வீட்டளவில் கிடைத்த முதல் சாட்சி அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கி.

பிக்சர் டியூபின் கடைசிக் காலத்தை ஊகித்தவர்கள் குறைவு. மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாதில் டிவி தயாரித்து வளர்ந்த வீடியோகான் நிறுவனம், 2005-இல் பிரான்சின் தாம்சன் நிறுவனத்திடமிருந்து போலந்து, இத்தாலி, சீனா, மெக்சிகோ நாடுகளில் இருந்த பிக்சர் டியூப் தொழிலை விலைக்கு வாங்கியது. உலகின் பெரிய டியூப் தயாரிப்பாளர்களில் ஒன்றாக ஆகிவிட்டது. தட்டைத் திரை விலை சரியத் தொடங்கிய அதே நேரம் அது. தமிழ்நாட்டிலோ 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின, அத்தனையும் பிக்சர் டியூப். இதில் யாரும் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. குடிசையில் இருந்த அந்த இலவசப் பெட்டியில் டிவி கேம் ஆடிய சிறுவனுக்குக் கிடைத்த வேகம், அதே ஆண்டில் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து 32 அங்குல எல்.சி.டி. வாங்கிய வீட்டுப் பையனுக்குக் கிடைக்கவில்லை.

ஆகுர்டியில் அந்த ஆண்டுகள் வேறு வகையிலும் ஒரு முடிவைக் கண்டன. 1989-இல் ‘ஹமாரா பஜாஜ்’ விளம்பரத்தின் மூலம் நாடு முழுவதும் டிவியில் தெரிந்த நிறுவனத்தின் ஆகுர்டி ஆலை, 2007 செப்டம்பரில் வாகன உற்பத்தியை நிறுத்தியது. புதிய தலைமுறை விளையாட்டுக் கருவிகள் வந்ததும் அப்போதுதான்: மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது 2006 செப்டம்பரில். சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தது 2007-இல். எச்.டி. படம் தரும் இந்தக் கருவிகளுக்குத் தோதான பெட்டி என்று எல்.சி.டி. டிவியையும் சேர்த்தே விற்றார்கள். புனேவுக்குக் கிழக்கே ராஞ்சன்காவ்ன் தொழிற்பேட்டையில் எல்.ஜி. ஆலை அமைத்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

தாமதம் எப்படி வந்தது என்பதை எல்.சி.டி. திரையின் அமைப்பு சொல்லும். பிக்சர் டியூபுக்கு நிலையான புள்ளி எண்ணிக்கை கிடையாது, எல்.சி.டி.க்கு உண்டு. ‘எச்.டி. ரெடி’ என்று அப்போது விற்ற பெரும்பாலான டிவிகளில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். வந்த படமோ கேபிளில் 576 வரி, அதுவும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக. எனவே டிவி முதலில் இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும். அசையும் பொருள் இருந்தால் பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரியும். அதைத் தவிர்க்க முன்பின் பாதிகளை ஒப்பிட வேண்டும். பிறகு படத்தைத் திரையின் அளவுக்கு இழுக்க வேண்டும். கேபிள் இரைச்சலைக் குறைக்க அடுத்தடுத்த படங்களை ஒப்பிட வேண்டும். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படமோ இரண்டு படமோ நினைவகத்தில் காத்துக் கிடக்கும். விநாடிக்கு 50 படம் என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு படமும் 20 மில்லி விநாடி. மூன்று படம் சேர்ந்தால் 60.

எல்லாவற்றையும்விட அதிகம் தின்றது அசைவைச் சீராக்கும் வசதி. எல்.சி.டி. ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வேகமாக ஓடும் பந்து கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இதைப் போக்க உற்பத்தியாளர்கள் 100 முறை, 200 முறை புதுப்பிக்கும் திரைகளைக் கொண்டுவந்தார்கள். வந்த இரண்டு படங்களுக்கு நடுவே டிவியே ஒரு படத்தைக் கற்பனையாக வரைந்து செருகும். சோனி இதற்கு மோஷன்ஃப்ளோ என்றும், சாம்சங் ஆட்டோ மோஷன் பிளஸ் என்றும், எல்.ஜி. ட்ரூமோஷன் என்றும் பெயர் வைத்தன. நடுப்படம் வரைய அடுத்த படம் தெரிந்தாக வேண்டும். அது வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இவ்வளவும் சேர்ந்து அந்தக் காலத்து டிவிகளில் மொத்தத் தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணமாக இருந்தது.

கடைக்காரரும் வாங்கியவரும் இதைக் கவனிக்காததில் வியப்பில்லை. சீரியல் பார்ப்பவருக்கு முழு நிகழ்ச்சியும் பத்தில் ஒரு விநாடி தள்ளி நடந்தால் என்ன? உதட்டசைவுக்குக் குரல் முந்தாமல் இருந்தால் போதும். அதற்கும் வழி இருந்தது: படம் எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு ஒலியையும் பிந்தவிடுவது. 2006-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.3 விதியில் இதைத் தானாகச் செய்யும் ஏற்பாடு சேர்ந்தது. டிவி எவ்வளவு தாமதிக்கிறது என்று ஒலிக்கருவியிடம் சொல்லிவிடும். விளையாட்டில் மட்டும் இந்த உபாயம் பலிக்காது, ஏனென்றால் விளையாடுபவரின் விரலைப் பிந்தவைக்க முடியாது. டிவியின் தாமதம் கவனத்துக்கு வராததற்கு, ஒளிபரப்பிலேயே பெரிய தாமதங்கள் பழகிப்போனதும் ஒரு காரணம். 2003-க்குப் பிறகு டி.டி.எச். வந்தது, 2013-இல் புனே உள்ளிட்ட 38 நகரங்களில் கேபிளும் டிஜிட்டலானது. கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்து ஓரிரு விநாடி கழித்துத் தன் வீட்டு டிவியில் சிக்சர் பறப்பதை மக்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

மிகவும் அடிபட்டவர்கள் பழைய கருவியைப் புதிய டிவியில் மாட்டியவர்கள். இந்தியாவில் பிளேஸ்டேஷன் 2 வெகுகாலம் விற்றது. உள்ளூரிலேயே அதற்கென விளையாட்டுகள் உருவாயின. 2009-இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’ அவற்றில் பெயர் பெற்றது. அந்தக் கருவி மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் வழியே பாதிப் பாதிப் படமாகத்தான் அனுப்பும். டிவியின் எல்லா வேலைகளையும் ஒருசேர வேண்டி நிற்கும் படம் அது. பிக்சர் டியூபில் கச்சிதமாக ஓடிய அதே விளையாட்டு, புது டிவியில் சேற்றில் நடப்பதுபோல் இருந்தது. பழி பெரும்பாலும் கருவியின் மேலோ ஜாய்ஸ்டிக்கின் மேலோதான் விழுந்தது.

பிரச்சினையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டு கூட்டத்தார். முதல் கூட்டம் சண்டை விளையாட்டுக்காரர்கள். அவர்களுக்கு விநாடியில் அறுபதில் ஒரு பங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். 2001-இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ போட்டிகளுக்கு அமெரிக்காவில் இன்றும் கனமான பிக்சர் டியூப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டாவது கூட்டம் இசை விளையாட்டுகளைச் செய்தவர்கள். ‘கிட்டார் ஹீரோ’, ‘ராக் பேண்ட்’ போன்றவற்றில் தாளத்துக்குச் சரியாகப் பொத்தானை அழுத்த வேண்டும். படம் பிந்தினால் தாளம் தவறும். எனவே விளையாட்டுக்குள்ளேயே தாமதத்தை அளந்து சரிசெய்யும் பகுதியை வைத்தார்கள். 2008-இல் வந்த ‘ராக் பேண்ட் 2’ கிட்டாரில் ஒளியுணரியும் மைக்கும் பொருத்தப்பட்டிருந்தன. கிட்டாரைத் திரைக்கு நேரே பிடித்தால் படம் எவ்வளவு பிந்துகிறது, ஒலி எவ்வளவு பிந்துகிறது என்று அதுவே அளந்துகொள்ளும். வாத்துத் துப்பாக்கியில் இருந்த அதே உணரி, இப்போது டிவியின் குறையை அளக்க வந்தது.

இசை விளையாட்டில் இந்தத் தீர்வு பலிக்க ஒரு காரணம் உண்டு: பாட்டில் அடுத்து என்ன வரும் என்பது கருவிக்கு முன்பே தெரியும். அதனால் படத்தை முன்கூட்டி அனுப்பி, மதிப்பெண் கணக்கைத் தள்ளிவைத்துத் தாமதத்தை மறைக்க முடிகிறது. புனேவுக்கு இந்த வகையோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. பிரான்சின் யூபிசாஃப்ட் 2008-இல் கேம்லாஃப்ட்டின் புனே கிளையைத் தனதாக்கி அங்கே நிலைகொண்டது. ‘ஜஸ்ட் டான்ஸ்’ நடன விளையாட்டு வரிசையின் உருவாக்கத்தில் அந்தக் கிளை பல ஆண்டு பங்கேற்றது. அதிலும் அடுத்த அசைவைக் காட்டும் சிறு சித்திரங்கள் முன்னதாகவே திரையில் நகர்ந்து வரும். எதிராளி எப்போது அடிப்பான் என்று தெரியாத சண்டையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் இப்படிச் சமாளிக்க இடமில்லை. அங்கே டிவியே வேகமாக வேண்டும்.

டிவியை வேகமாக்க முதலில் அதை அளக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஒரே கணினியிலிருந்து பிக்சர் டியூபுக்கும் எல்.சி.டி.க்கும் ஒரே கடிகாரத்தை அனுப்பி, இரண்டையும் அருகருகே வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தாமதம். கடிகாரமே படத்துக்குப் படம்தான் மாறும் என்பதால் இந்தக் கணக்கு பத்துப் பதினைந்து மில்லி விநாடி முன்பின்னாக இருக்கும். 2010-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் லியோ பாட்னர் நிறுவனம் கைக்கடக்கமான அளவி ஒன்றை விற்கத் தொடங்கியது. எச்.டி.எம்.ஐ. வழியே திரையில் வெள்ளைப் பட்டைகளை மின்னவிட்டு, அந்த வெளிச்சத்தைத் தானே உணர்ந்து எண்ணைக் காட்டும். திரையின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் வைத்தால் மூன்று எண் வரும். தட்டைத் திரையும் மேலிருந்து கீழாகத்தான் படத்தை மாற்றுகிறது என்பதை இது எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது. விளம்பரத் தாளில் இல்லாத ஓர் எண் இப்போது வாங்குபவரின் கையில் இருந்தது. விமர்சனங்கள் அதைப் பட்டியலிடத் தொடங்கியதும் உற்பத்தியாளர்களால் அலட்சியம் செய்ய முடியவில்லை. ‘டூம்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு தரவுப் பொட்டலம் போய்ச் சேரும் நேரத்துக்குள் எதிரே இருக்கும் திரைக்கு ஒரு புள்ளி போய்ச் சேர்வதில்லை என்று 2012-இல் சுட்டிக்காட்டியது பரவலாகப் பேசப்பட்டது.

‘கேம் மோட்’ அதற்கு முன்பே மெனுவின் ஆழத்தில் இருந்தது. அது செய்தது ஒன்றுதான்: இரைச்சல் நீக்கல், அசைவுச் சீராக்கம், விளிம்புக் கூர்மை என்று டிவி வரிசையாகச் சேர்த்துக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவது. சில ஆண்டுகள் இது பெயரளவில்தான் இருந்தது. பொத்தானைப் போட்டாலும் ஓரிரு வேலைகள் மட்டும் நிற்கும். சாம்சங் டிவிகளில் இணைப்பின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் கேம் மோடைவிடச் சிறப்பாகத் தாமதம் குறையும் என்பது பயனர்கள் தாங்களே கண்டுபிடித்த தந்திரம். கணினி என்று நம்பியதும் டிவி படத்தில் கை வைப்பதை விட்டுவிடும். கேம் மோட் போட்டால் நிறம் வெளிறிவிடும் என்ற குறை வெகுநாள் இருந்ததால், அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தவர்களும் அதிகம்.

2013 வாக்கில் கேம் மோடில் 30 முதல் 50 மில்லி விநாடி என்பது நல்ல டிவி. 4கே திரைகள் வந்த புதிதில் படத்தை நான்கு மடங்கு பெருக்கும் வேலை சேர்ந்து எண் மறுபடி ஏறியது. 2018-க்குள் நல்ல டிவிகள் 20 மில்லி விநாடிக்கு இறங்கின. அதன்பின் வேகம் கூடியது. 2017 நவம்பரிலேயே வெளியாகியிருந்த எச்.டி.எம்.ஐ. 2.1 விதியில் மூன்று ஏற்பாடுகள் இந்தக் கதையைச் சேர்ந்தவை. கருவியில் விளையாட்டைத் தொடங்கியதும் டிவி தானாகக் கேம் மோடுக்கு மாறும் ஏற்பாடு ஒன்று. மெனுவுக்குள் போகவே தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். கருவி படத்தை முடித்த கணத்திலேயே திரை புதுப்பித்துக்கொள்ளும் மாறு வேகம் இன்னொன்று. கணினித் திரைகளில் என்விடியா 2013-இல் கொண்டுவந்ததன் டிவி வடிவம் இது. முன்பு படம் தயாராகச் சற்றுப் பிந்தினாலும் அடுத்த புதுப்பிப்புவரை வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பு போயிற்று. மூன்றாவது, ஒவ்வொரு படத்தையும் கம்பி வழியே விரைவாகக் கடத்துவது. எக்ஸ்பாக்ஸ் கருவிகள் முதல் இரண்டையும் 2018-இலேயே ஏற்றன. பிளேஸ்டேஷன் 5-க்கு மாறு வேகம் 2022 ஏப்ரலில் வந்தது.

அந்தக் கருவி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2 அன்று, 49,990 ரூபாய்க்கு. அதோடு விநாடிக்கு 120 படம் காட்டும் டிவிகளுக்கு இங்கேயும் கேட்பு உண்டாயிற்று. 120 என்ற எண்ணுக்கு இரட்டைப் பயன்: ஒரு படத்தின் ஆயுள் 8.3 மில்லி விநாடியாகச் சுருங்குகிறது. மேலிருந்து கீழே படத்தை மாற்ற ஆகும் நேரமும் பாதியாகிறது. இத்தகைய ஓ.எல்.இ.டி. டிவிகளின் நடுத்திரைத் தாமதம் 60 படத்தில் 10 முதல் 15 மில்லி விநாடி, 120 படத்தில் 5 அல்லது 6. 60 படத்தில் பிக்சர் டியூபின் கற்றை நடுத்திரையை எட்டவே 8 மில்லி விநாடி ஆகும் என்பதால், அதைவிடக் குறைக்க மிச்சம் இருப்பது சொற்பம்.

பழைய டிவி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் இதே வழியில்தான் இருக்கிறது. கேம் மோட் இருந்தால் அதைப் போடலாம், இல்லாவிட்டால் இணைப்புக்குப் ‘பிசி’ என்று பெயரிடலாம். அசைவுச் சீராக்கத்தையும் இரைச்சல் நீக்கலையும் கையால் அணைக்க வேண்டும். கருவியின் படத்தை டிவியின் சொந்தப் புள்ளி அளவுக்கே அமைத்தால் பெருக்கும் வேலை டிவிக்கு வராது. படத்தை மாற்றியமைக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி நடுவில் இருந்தால் அதைத் தவிர்த்து நேராக டிவியில் செருகலாம். ஒலியைச் சவுண்ட்பார் வழியே கேட்பவர்களுக்குப் படம் வேகமானதும் ஒலி பிந்துவது தெரியும். ஒலிக்கருவியின் மெனுவில் முன்பு கூட்டிவைத்த தாமதத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். இதற்கு மேல் மிஞ்சுவது விளையாட்டின் சொந்தத் தாமதம். விநாடிக்கு 30 படம் ஓடும் விளையாட்டில் பொத்தானைப் படிப்பது, கணக்குப் போடுவது, வரைவது எல்லாம் சேர்ந்து 100 மில்லி விநாடி ஆவது இன்றும் உண்டு. எந்த டிவியாலும் அதைத் திரும்ப வாங்கித்தர முடியாது.

பிளேஸ்டேஷன் 2, சேகா, ஃபேமிகாம் போன்றவற்றைப் பாதுகாப்போர் வேறு வழி கண்டார்கள். பாதிப் படங்களைச் சேர்க்கும் வேலையை டிவியிடம் விடாமல் நடுவில் ஒரு சிறு பெட்டியை வைப்பது அது. இவற்றில் பேர்பெற்ற திறமூல மாற்றி ஒன்று, முழுப் படத்தைச் சேமிக்காமல் வந்த வரியை அப்படியே இரண்டாக, மூன்றாகப் பெருக்கி அனுப்புகிறது. அது கூட்டும் தாமதம் சில வரிகளின் நேரம் மட்டுமே; வால்டர் புரூக்கின் கண்ணாடித் துண்டு எடுத்துக்கொண்ட அளவை ஒட்டியது. வாத்துத் துப்பாக்கிக்கும் மாற்று வந்திருக்கிறது: குழலுக்குள் கேமராவை வைத்து, திரையைச் சுற்றி வரையப்பட்ட வெள்ளைச் சட்டத்தைப் பார்த்துக் குறியை அறியும் துப்பாக்கி. வெளிச்சத்தின் கணத்தை அது நம்புவதில்லை.

இதற்கிடையே அசைவுச் சீராக்கம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. சாம்சங் 2018 முதல் தன் கேம் மோடுக்குள்ளேயே கேம் மோஷன் பிளஸ் என்று ஒரு மிதமான வடிவத்தைச் சேர்த்தது. வேண்டியவர் கொஞ்சம் தாமதத்தைக் கொடுத்துச் சீரான அசைவை வாங்கிக்கொள்ளலாம். 2022-இல் என்விடியா தன் வரைகலை அட்டைகளில், உண்மையான இரண்டு படங்களுக்கு நடுவே செயற்கைப் படத்தைச் செருகும் நுட்பத்தை வெளியிட்டது. மறு ஆண்டு ஏ.எம்.டி.யும் அதைப் பின்தொடர்ந்தது. நடுப்படத்துக்காக அடுத்த படத்தைப் பிடித்துவைக்கும் பழைய கட்டாயம் இங்கேயும் மாறவில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட, வரைவதற்காகப் படங்கள் வரிசையில் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் ‘ரிஃப்ளெக்ஸ்’ என்ற தனி ஏற்பாட்டை என்விடியா அதோடு கட்டாயமாக இணைத்திருக்கிறது.